இருபத்தேழு வருடம் கழுவாத படம்

ராஜாங்கம் பொய்யே சொல்லாதவர் என்று சொல்ல முடியாது. போட்டோ கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்று சொல்லித்தான் காலம் தள்ளுகிறார்கள். அந்தப் பொய்களின் ஆயுள் மறுநாளோ மறுவாரமோ முடிந்துவிடும். அவர் சொன்ன ஒரே ஒரு பொய் மட்டும் இருபத்தேழு வருடம் உயிரோடு இருந்தது. அவர் வீட்டு ஃபிரிட்ஜில், காய்கறித் தட்டுக்கு அடியில், ஒரு கறுப்பு உறைக்குள் அது இருந்தது.

இன்று அவருக்கு அறுபத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சிறிய கடை. பாஸ்போர்ட் அளவுப் படம், லேமினேஷன், ஜெராக்ஸ். தொண்ணூறுகளில் அவரிடம் இருந்தது பெரிய மரப்பெட்டிக் கேமரா. வெள்ளிக்கிழமைதோறும் அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போவார். வெள்ளிமலைச் சந்தையில் கறுப்புத் துணியால் கூடாரம் கட்டி, எடுத்த படத்தை அங்கேயே கழுவி, ஒரு மணி நேரத்தில் கலரில் கையில் கொடுப்பார். பிலிமில் எடுத்தால் சேலத்து லேபுக்குப் போய் வரவே ஒரு வாரம் ஆன காலம் அது. படத்தை வாங்க மலையிலிருந்து இறங்கி வர எல்லோராலும் முடியாது.

ஒரு மணி நேரத்தில் கொடுக்க முடிந்ததற்குக் காரணம் ஒரு வெளிநாட்டுத் தாள். பிலிமே இல்லாமல் அந்தத் தாளையே கேமராவுக்குள் வைத்து எடுப்பார். மற்ற கலர்த் தாள்களில் நிறம் கழுவும்போதுதான் உண்டாகும். இதில் எல்லா நிறமும் தாளிலேயே முன்கூட்டி முழுதாக இருக்கும். கழுவும்போது, வெளிச்சம் பட்ட இடங்களில் வேண்டாத நிறத்தை பிளீச் என்ற மருந்து தின்றுவிடும். மிஞ்சுவதுதான் படம். சேர்ப்பதால் உண்டாகும் பொருள்கள் உலகத்தில் நிறைய. நீக்குவதால் உண்டாகும் பொருள்கள் குறைவு. ராஜாங்கம் இதைப் பற்றி எல்லாம் யோசித்தவர் இல்லை. மூன்று பாட்டில் மருந்தை வரிசையாக ஊற்றத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

இந்த முறையில் ஒரு தொல்லை உண்டு. கண்ணாடியில் தெரிவதைப் போலப் படம் இடம் வலம் மாறி விழும். அதற்கு ராஜாங்கம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாட்ச் கட்டியவர் அதை வலக்கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெண்கள் கூடாரத்துக்குள் போய் முந்தானையை வலது தோளில் வருமாறு புடவையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வர வேண்டும். அப்போது படத்தில் எல்லாம் சரியாக இருக்கும். சந்தைக்கு வந்தவர்கள் இதை வேடிக்கை பார்த்துச் சிரிப்பார்கள். "தோ, போட்டோக்காரரு இன்னொரு ஜோடியத் திருப்பி வுட்டுட்டாரு" என்பார்கள்.

தொண்ணூற்றேழாம் வருடம் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சேராப்பட்டிலிருந்து சடையன் என்பவரும் அவர் மனைவி செவ்வந்தியும் வந்தார்கள். கல்யாணமாகி இரண்டு மாதம். வாட்சை மாற்றி, முந்தானையை மாற்றி, மூச்சைப் பிடித்து நின்றார்கள். படம் எடுத்தாயிற்று. கூடாரத்துக்குள் போன ராஜாங்கம், பிளீச் கேன் ஜீப்பின் குலுக்கலில் விரிசல் விட்டு முழுவதும் ஒழுகிப்போயிருப்பதைக் கண்டார். தாளைக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டினார். "அடுத்த வாரம் வாங்கிக்கோங்க" என்றார். அப்போது அது பொய் இல்லை.

அடுத்த வாரம் மருந்து வரவில்லை. சென்னை ஏஜென்ட் இன்று, நாளை என்று இழுத்தார். பிறகு, இனிமேல் அந்தச் சரக்கு வராது என்றார். அந்த வருடம் ஐப்பசியில், ஒரு மாதக் கைக்குழந்தையுடன் செவ்வந்தி மலையிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்தாள். மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளா போன சடையன் ஆடியில் மரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அவரை யாரும் வேறு படம் எடுத்ததில்லை.

அப்போதுதான் ராஜாங்கம் அதைச் சொன்னார். "அது கெட்டுப்போச்சும்மா."

படம் இருக்கிறது, ஆனால் என்னால் வெளியே எடுக்க முடியாது என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையைவிடப் பொய் புரிய எளிதாக இருந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். உறையை அவர் எறியவில்லை. ஆறு வருடம் அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. ஃபிரிட்ஜ் வாங்கியதும் அதற்குள் போனது. இதை நல்ல குணம் என்று நான் எழுத மாட்டேன். எறிய மனம் வராதது வேறு, காப்பாற்றுவது வேறு. ஆனால் சில சமயம் இரண்டின் பலனும் ஒன்றாகிவிடுகிறது.

இந்த வருடம் ஆனி மாதக் கடைசியில், பக்கத்து ஃபிளெக்ஸ் கடைக்கு லேமினேஷன் உறை கேட்கப் போனார். கம்ப்யூட்டர் முன்னால் கடைக்காரன் வெற்றிவேல். அவன் பின்னால் ஐம்பதைத் தொட்ட ஒரு பெண்ணும், நர்ஸ் உடுப்பில் இளம்பெண் ஒருத்தியும் நின்றிருந்தார்கள். திரையில் ஒரு ஆண் முகம். இளம்பெண்ணுக்குக் கல்யாணம். பேனரில் மேலே ஓரமாக, காலமான அப்பாவின் படம் வர வேண்டும். படம் இல்லாததால், சித்தப்பா முகத்தையும் பெண்ணின் முகத்தையும் கொடுத்து ஒரு அப்பாவை உண்டாக்கியிருந்தான் வெற்றிவேல்.

"மீசய வேணா பெருசு பண்ணட்டாக்கா?"

"மீச இன்னா பண்ணும்பா," என்றாள் பெரியவள். "நல்லாத்தான் கீறாரு. லட்சணமா கீறாரு. ஆனா இவரு கூட நான் குடும்பம் நடத்தலியே."

"தோராயமா இருந்தாப் போதும்க்கா. யாரு போய்க் கிட்டப் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்ல?"

பெண் எரிச்சலோடு, "அம்மா, எனக்கு அப்பா மொகமே தெரியாது. ஒனக்கும் சொல்லத் தெரியல. கடக்காரரு இன்னா பண்ணுவாரு?" என்றாள்.

"சேராப்பட்டு சடையன்னு கீழ எழுதிட்டா அவரு சடையனாயிருவாரா?"

ராஜாங்கம் உறையை வாங்காமலே திரும்பினார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மனைவி ஜெயம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜெயம்மாளுக்கு அந்தக் கறுப்பு உறை தெரியும். இருபது வருடமாகத் தக்காளியை அதற்கு மேல் வைத்துக்கொண்டிருப்பவள் அவள்தான்.

"நான் மருந்து கலக்கிப் பாக்கறேன். பழைய நோட்டுல செய்முறை கீது. வந்துச்சுன்னா எடுத்துக்கினு போய்க் குடுத்துடறேன். வரலன்னா..."

"வரலன்னா?"

"வரலன்னா அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

ஜெயம்மாள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, ஒரு தடவ கெட்டுப்போச்சுன்னு அந்தப் பொண்ணக் கேக்காம நீங்களே முடிவு கட்டினீங்க. இப்ப ரெண்டாந்தரமும் நீங்களேவா? மொதல்ல போய்ச் சொல்லுங்க. அது அவ புருசன், நம்ம கத்திரிக்கா இல்ல."

இந்தக் கதையில் தெளிவாக யோசித்தவர் ஜெயம்மாள் மட்டும்தான்.

மறுநாள் வெற்றிவேலிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, அந்த இளம்பெண் அருள்மொழி வாடகைக்கு இருந்த அறைக்குப் போனார். கல்யாணத் துணி எடுப்பதற்காகச் செவ்வந்தி மலையிலிருந்து வந்து அங்கேதான் தங்கியிருந்தாள். அவரை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமாகவில்லை.

"போட்டோக்காரண்ணன் தானே? தல நரச்சுப்போச்சே."

"செவ்வந்தி, அன்னிக்கு நான் சொன்னது பொய்."

"எது?"

"படம் கெட்டுப்போச்சுன்னது. கெடல. கழுவாம அப்படியே வச்சிக்கினு கீறேன். அப்ப மருந்து இல்ல. சொல்லத் தெரியல."

அருள்மொழிதான் கேட்டாள்: "எங்க வச்சிருக்கீங்க?"

"ஃபிரிட்ஜில."

"இருபத்தேழு வருசம்! நான் ஸ்கூல் போய், காலேஜ் போய், நர்ஸ் படிச்சு வேலைக்கும் வந்துட்டேன். தெனமும் உங்க கட வழியாத்தான் போறேன். எங்கப்பா தக்காளி கூட இருந்தாரா?"

"ஆமாம்மா."

"இன்னா மனுசங்க நீங்க?"

செவ்வந்தி மகளின் கையைப் பிடித்து அமர்த்திவிட்டுக் கேட்டாள்: "இப்பக் கழுவினா வருமா?"

"தெரியாது. வரலாம். வெறும் கறுப்பாவும் போயிடலாம். ஒரே தாள், ஒரே தடவதான். தப்பினா அவ்ளோதான்."

"கழுவாம வச்சா?"

"உள்ள இருக்கும். வருசத்துக்கு வருசம் கம்மியாவும்."

படம் இருக்கிறது என்று செவ்வந்திக்கு இப்போதுதான் தெரிந்தது. கேட்ட அதே மூச்சில் இல்லாமல் போகவும் சம்மதிக்க வேண்டியிருந்தது. "பாக்க முடியாத படம் இருந்து இன்னாண்ணே புண்ணியம்?" என்றாள் கடைசியில். "கழுவுங்க. ஆனா நானும் உள்ள நிப்பேன்."

கல்யாணம் ஆவணி முதல் வாரம். கையில் இருந்தது ஒரு மாதம்தான்.

நோட்டில் இருந்த செய்முறையை அவர் அந்தக் காலத்தில் ஏஜென்ட் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். எதற்கென்று தெரியாமலே எழுதியது. முதல் மருந்துக்கு வேண்டியவையும், கடைசி மருந்துக்கு வேண்டிய ஹைப்போவும் சேலத்தில் பள்ளிக்கூட லேபுகளுக்குச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தன. சிக்கல் நடுவில் வரும் பிளீச். அதற்கு வேண்டிய அமிலம், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் உப்புப் படிவு நீக்குவதற்காக உள்ளூரிலேயே கிலோக் கணக்கில் விற்கிறார்கள். பொட்டாசியம் அயோடைடு லேப் கடையில் இருந்தது. இவற்றோடு ஒரு மஞ்சள் பொடி வேண்டும், ஒரு லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக. அதன் பெயரை ராஜாங்கம் ஒவ்வொரு முறையும் நோட்டைப் பார்த்துத்தான் படிப்பார். சேலம் கடைக்காரர், பம்பாயிலிருந்து வரவழைக்கப் பத்து நாளாகும் என்றார்.

பழைய பெட்டியில் படம் எடுக்காத தாள் மூன்று மிச்சம் இருந்தது. அவற்றைப் பட்டை பட்டையாக வெட்டிச் சோதனைக்கு வைத்துக்கொண்டார். ஒரு பட்டையில் பாதியை மூடிவிட்டு மறுபாதியில் வெளிச்சம் காட்டிக் கழுவ வேண்டும். மருந்து சரியென்றால் வெளிச்சம் பட்ட பாதி வெள்ளையாகவும் படாத பாதி கறுப்பாகவும் வரும்.

பொறுமை இல்லாமல், மஞ்சள் பொடி வருவதற்கு முன்பே ஒரு பட்டையைக் கழுவிப் பார்த்தார். அவ்வளவு கொஞ்சம் போடும் பொருள் இல்லாவிட்டால்தான் என்ன என்ற எண்ணம். இரண்டு பாதியும் கரிக்கட்டையாக வந்தன. அரை மணி நேரம் ஊறவைத்தும் மாறவில்லை. பன்னிரண்டாம் நாள் பொடி வந்தது. நகைக்கடைத் தராசை இரவல் வாங்கி எடை போட்டுக் கலந்தார். இப்போது ஒரு பாதி பளிச்சென்று வெள்ளையாக வந்தது. அந்தப் பொடி பிளீச்சில் எதையும் தின்பதில்லை; தின்பதற்கு வழிவிடுகிறது. ஒரு வேலையில் யார் முக்கியம் என்பதை அளவை வைத்துத் தீர்மானிப்பவர்களுக்கு இந்தப் பட்டையைக் காட்டலாம்.

ஆனால் கறுப்பாக வர வேண்டிய பாதி செங்கல் நிறத்தில் வந்தது. தாளின் வயது. முதல் மருந்தில் பொட்டாசியம் புரோமைடைக் கூட்டினால் அது தணியும் என்று நோட்டில் இருந்தது. கூட்டினார். அடர்ந்த காப்பி நிறம் வந்தது. இன்னும் கூட்டினால் கறுப்பு வரும். ஆனால் வெள்ளை மங்கும், ஏற்கெனவே பலவீனமாகியிருக்கும் படமும் எழாமல் போகும். அங்கேயே நிறுத்தினார். முழுக்கச் சரியாக வராது என்று ஒப்புக்கொண்டு நிறுத்தியதுதான் அந்த மாதத்தில் அவர் செய்த நல்ல காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. குளியலறையின் காற்றுத் துவாரத்தைக் கறுப்புத் துணியால் அடைத்து, தரையில் மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளை வரிசையாக வைத்தார். பிளீச்சின் நெடி மூக்கை எரித்தது. கடிகாரம் வெளியில்தான், செல்போனைப் பார்த்து ஜெயம்மாள் கதவுக்கு வெளியிலிருந்து நேரம் சொல்ல வேண்டும். அருள்மொழி அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான்கு வாரமாக அவள் ராஜாங்கத்திடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. உள்ளே ராஜாங்கமும் செவ்வந்தியும். விளக்கை அணைத்ததும் ஒருவர் இருப்பது இன்னொருவருக்கு மூச்சுச் சத்தத்தால் மட்டும்தான் தெரிந்தது.

உறை கிழியும் சத்தம். வழவழப்பான பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, அது மேலே இருக்கும்படி தாளை மருந்தில் அமிழ்த்தினார்.

"ஆரம்பி!"

"ஆச்சு!" என்றாள் ஜெயம்மாள்.

தொட்டியை ஆட்டும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் செவ்வந்தி சிரித்தாள்.

"இன்னாம்மா?"

"அன்னிக்கு என்ன முந்தானைய மாத்திக் கட்டச் சொன்னீங்க. கட்டவே வரல. அவரு வெளிய நின்னுக்கினு, பொடவ கட்டத் தெரியாத பொண்ணக் கட்டிக்கினேனேன்னு ஊருக்கே கேக்கறாப்பல கத்தறாரு. சந்தையே சிரிச்சுது."

"ஞாபகம் கீது."

"எனக்கு அவரு கொரலு ஞாபகம் கீது. மொகம்தான் இத்தன நாளுல கரஞ்சு கரஞ்சு... சித்தப்பன் மொகமா, இவ மொகமான்னு கொழம்பிப்போச்சு. அந்தக் கம்ப்யூட்டர்காரப் புள்ளய அதட்டிட்டேனே தவிர, இவருதான்னு அவன் அடிச்சுச் சொல்லியிருந்தா நம்பிட்டிருப்பேன்."

"மூணு நிமிசம்!"

தாளைத் தண்ணீரில் அலசி பிளீச்சில் போட்டார். நான்கு நிமிடம். ஜெயம்மாள் குரல் கொடுத்ததும் மறுபடி அலசிவிட்டு, "கண்ண மூடிக்கோ" என்று சொல்லி விளக்கைப் போட்டார்.

கையில் இருந்தது மோர் தெளித்தது போன்ற மங்கலான ஒரு தாள். நடுவில் இருட்டாக ஏதோ இரண்டு திட்டுகள். செவ்வந்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "போச்சா?"

"இரு. இன்னும் ஒரு மருந்து கீது."

ஹைப்போவில் தாள் இறங்கியது. மோர்ப் படலம் ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியது. முதலில் வந்தது வானம், நீலமாக இல்லாமல் சற்று ஊதாவாக. பிறகு புடவையின் பச்சை. இடது மூலையில் ஒரு வெள்ளைத் தீற்று, எங்கோ வெளிச்சம் கசிந்தது. நிழல்கள் எல்லாம் செம்மண் நிறம். நடுவில் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

ராஜாங்கம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டாங்க," என்றார்.

கதவு திறந்தது. ஜெயம்மாளும் அருள்மொழியும் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் செவ்வந்தி சந்தோஷப்படவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"இவரு இல்ல."

"இன்னாம்மா சொல்ற?"

"இவரு இல்லண்ணே. அவருக்குத் தழும்பு இடப் புருவத்துல. அருவா பட்டது. அது ஒண்ணுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும். இந்தாளுக்கு வலப்பக்கம் கீது. அப்படியே அவரு மாதிரிதான் கீறாரு, ஆனா அவரு இல்ல. வேற யாரோ..."

அருள்மொழி படத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு நான்கு வாரத்தில் முதல் முறையாக ராஜாங்கத்தைப் பார்த்தாள். "சார், சட்டப் பையும் வலப்பக்கம் இருக்கு. ஆம்பள சட்டைக்கு இந்தப் பக்கமா பை வைப்பாங்க?"

தரையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு நொடி விழித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். வாட்சை மாற்றச் சொன்னார், முந்தானையை மாற்றச் சொன்னார். மாற்ற முடிந்ததை எல்லாம் மாற்றிவிட்டதால் படம் சரியாக இருப்பதாகவே இத்தனை வருடமும் நினைத்திருந்தார். முகத்தை யாரால் கழற்றி மாற்றிக் கட்ட முடியும்? எத்தனை நூறு பேருக்கு மச்சத்தையும் வகிட்டையும் மூக்குத்தியையும் பக்கம் மாற்றிக் கொடுத்திருப்பார்! ஒருவரும் வந்து கேட்டதில்லை. எல்லோரும் தங்களைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவர்கள்.

"எழுந்திரு, எழுந்திரு," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே தானே எழுந்தார். தாளை அலசி, சொட்டச் சொட்டக் கூடத்துக்குக் கொண்டுபோய் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். "தாளப் பாக்காத. கண்ணாடில பாரு."

செவ்வந்தி பார்த்தாள்.

கண்ணாடியில் பச்சைப் புடவையின் முந்தானை வலது தோளில் தப்பாகக் கிடந்தது. வாட்ச் வலது கையில் இருந்தது. தழும்பு இடப் புருவத்தில் இருந்தது. சடையன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் அடக்கிய சிரிப்பு ஒன்று. சற்று முன்னால்தான் மனைவியை ஊருக்கு முன்னால் கேலி செய்திருந்தவர்.

"இவருதான்," என்றாள் செவ்வந்தி. கொஞ்ச நேரம் நின்று, "இவரேதான்," என்றாள். பிறகு உட்கார்ந்து, வாய்விட்டு அழாமல், நீண்ட மூச்சாக விட்டாள். இருபத்தேழு வருடமாக மூச்சைப் பிடித்து நின்றது அந்தத் தாளில் இருந்தவர்கள் மட்டும் இல்லை போலிருக்கிறது.

அருள்மொழி கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் அவள் முகமும் தெரிந்தது. "மூக்கு எனக்கு அவருதா?" என்று கேட்டாள்.

"மூக்கும் வாயும். வாய் ரொம்பவே," என்றாள் செவ்வந்தி.

எல்லோரும் சிரித்தார்கள். ராஜாங்கம் சிரிக்கும்போது அருள்மொழியைப் பார்க்கவில்லை. அவளாகவே, "தாள நான் புடிக்கட்டா சார், கை நடுங்குது உங்களுக்கு," என்றாள். மன்னித்துவிட்டாள் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கை நடுங்கியது உண்மை.

படம் காய்ந்ததும் வெற்றிவேல் கடைக்குக் கொண்டுபோனார்கள். அவன் ஸ்கேன் செய்தான். "திருப்பிப் போடறது ஒரு பட்டன்தான்க்கா. ஆனா திருப்பினா உங்க முந்தானை ராங் சைடுல வருமே? வாட்சும் வலக்கையில வரும். பாக்கறவங்க சிரிப்பாங்க. அப்படியே வுட்டுடட்டா?"

"சிரிக்கட்டும்பா," என்றாள் செவ்வந்தி. "அன்னிக்கும் சிரிச்சாங்க. பொடவ எந்தப் பக்கம் கீதுன்னா இன்னா, அவரு அவரா இருக்கணும்."

அன்று மாலை ராஜாங்கம் மிச்சமிருந்த பிளீச் வாளியில் சமையல் சோடாவைக் கொட்டினார். அமிலத்தை அப்படியே சாக்கடையில் விடக் கூடாது. நுரை பொங்கி விளிம்புவரை வந்தது, நின்றது, மெல்ல அடங்கியது. நுரை முழுவதும் ஓயும்வரை அவர் பக்கத்திலேயே குந்தியிருந்தார். பிறகு தண்ணீர் சேர்த்து ஊற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

ஜெயம்மாள் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். காய்கறித் தட்டை வெளியே எடுத்து, அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைத்தாள். கறுப்பு உறை இருந்த இடம் மட்டும் சதுரமாக, சுற்றியிருந்ததைவிட வெள்ளையாக இருந்தது.

"முட்டைய இங்க வச்சிக்கலாமா?" என்று கேட்டாள்.

"வச்சிக்கோ," என்றார் ராஜாங்கம். "இனிமே அங்க ஒண்ணும் இல்ல."